பாறைக்குள் பதிந்த சூடு

புனேயை அடுத்த பிம்ப்ரியில் வீடு கட்ட வானம் தோண்டுகிறவர்களுக்கு மூன்று அடுக்குகள் பழக்கம். மேலே கரிசல் மண். அதற்குக் கீழே, மராட்டியர்கள் முரும் என்று சொல்லும் உதிரிப் பாறை. அதற்கும் கீழே, கடப்பாரைக்கு மசியாத கறும்பாறை. மூன்றும் பெரும்பாலும் ஒரே பொருளின் மூன்று நிலைகள்தான். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் பிளந்து வழிந்த எரிமலைக் குழம்பு இறுகிக் கறும்பாறையானது. அது மட்கி முருமானது. முரும் மேலும் மட்கிக் கரிசலானது. பசால்ட் என்னும் இந்தத் தக்காணப் பாறை இன்றும் மேற்கிந்தியாவிலும் நடு இந்தியாவிலுமாக ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டரை மூடிக் கிடக்கிறது. பிம்ப்ரியின் ஆலைகளும், அந்த ஆலை வேலைகளை நம்பித் தெற்கேயிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வீடுகளும் இதன் மேல்தான் நிற்கின்றன.

இந்தக் கறும்பாறையை உடைத்தால் சில இடங்களில் உள்ளே பொந்து தென்படும். குழம்பு இறுகியபோது வெளியேற முடியாமல் சிக்கிக்கொண்ட ஆவிக் குமிழ்கள் விட்டுப்போன பொந்துகள் அவை. பொந்தின் உட்சுவரில் வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை நிறங்களில் படிகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். குழம்பு வழிந்தபோது இந்தப் படிகங்கள் இல்லை. பாறை இறுகி, அதன் மேல் அடுத்தடுத்த குழம்புகள் ஏறி, அது ஆழத்தில் புதைந்த பிறகு, இடுக்குகளில் ஊறிய வெந்நீர் வளர்த்தவை அவை. அந்த வெந்நீரின் சூடு எவ்வளவு? அப்போது அளந்து எழுதி வைக்க மனிதர்கள் இல்லை. ஆனாலும் பாறைக்குள் அந்தச் சூடு பதிந்திருக்கிறது. அதைப் படித்தெடுப்பது புவியியலின் மிக நுட்பமான வேலைகளில் ஒன்று.

பழைய சூட்டைச் சொல்லும் சாட்சிகள் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று நிலக்கரித் துகள். மற்றது கனிமம். பிம்ப்ரிப் பாறையில் இரண்டாவது தாராளமாக உண்டு, முதலாவது இல்லை. எரிமலைக் குழம்பில் நிலக்கரிக்கு ஏது இடம்? இரண்டு குழம்புகளுக்கு நடுவே ஏரியோ குளமோ இருந்து சேறு படிந்த இடங்களில் மட்டும் செடிகொடியின் மிச்சங்கள் கிடைக்கும். மும்பை வொர்லிக் குன்றில் அப்படிப்பட்ட ஓர் அடுக்கிலிருந்துதான் 19ஆம் நூற்றாண்டிலேயே தவளைகளின் புதைபடிவங்கள் கிடைத்தன. ஆகவே நிலக்கரித் துகள் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள, படிவுப் பாறைகள் உள்ள ஊர்களுக்குப் போகவேண்டும். நெய்வேலிக்கும் ஜாரியாவுக்கும் போய்விட்டுப் பிம்ப்ரிக்குத் திரும்புவோம்.

படிவுப் பாறை என்பது ஆறும் கடலும் கொண்டுவந்து சேர்த்த மணலும் சேறும் இறுகியது. அதில் மரத்துண்டு, இலை, வேர் என எதுவும் கலந்து புதையும். அரை மில்லிமீட்டர் துணுக்காகக்கூட இருக்கலாம். ஆழம் கூடக் கூடச் சூடு ஏறும். சாதாரணமாகக் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். அந்தச் சூட்டில் மரத்துணுக்கு மெல்ல மெல்ல நிலக்கரியாக மாறுகிறது. முதலில் ஈரம் போகிறது. பிறகு கரியமில வாயு, பிறகு மீத்தேன். மிஞ்சும் கார்பன் வளையங்கள் ஒன்றோடொன்று இணைந்து, தட்டுத் தட்டாக ஒழுங்குபட்டு அடுக்கிக்கொள்கின்றன. ஒழுங்கு கூடினால் பளபளப்பும் கூடும். பளபளப்பை அளந்தால், அந்தத் துகள் பட்ட சூட்டை அறியலாம். மொத்தத் தத்துவமும் இவ்வளவுதான்.

அளப்பதற்குத் தேர்ந்தெடுப்பது விட்ரினைட் என்ற பகுதியை. மரத்தின் தண்டு, வேர், பட்டை ஆகியவற்றின் திசுக்களிலிருந்து வந்தது இது. நிலக்கரி வெளிப்பார்வைக்கு ஒரே கறுப்பாகத் தெரிந்தாலும், நுண்ணோக்கியில் பல வேறு பொருள்கள் சேர்ந்த கலவை. இந்தப் பொருள்களுக்கு மசெரல் என்ற பொதுப்பெயரைத் தந்தவர் மேரி ஸ்டோப்ஸ். 1919-இலேயே நிலக்கரியின் நான்கு வகைப் பட்டைகளைப் பிரித்துக் காட்டியவர் அவர். குடும்பக்கட்டுப்பாட்டு இயக்கத்தின் முன்னோடியாக மட்டுமே உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. நிலக்கரி ஆய்வில் அவர் போட்ட அடித்தளம் அதற்குச் சற்றும் குறைந்ததல்ல என்பது என் கருத்து.

அளக்கும் முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். பாறையை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நொறுக்கி, பிசினில் பதித்து, கட்டியாக இறுக விடுகிறார்கள். கட்டியின் ஒரு முகத்தைச் சொரசொரப்பான தூளில் தொடங்கி, படிப்படியாக நைசான அலுமினாத் தூள் வரை தேய்த்துக் கண்ணாடிபோல் மெருகேற்றுகிறார்கள். ஒரு கீறல் இருந்தாலும் அளவு தப்பாகிவிடும். அந்த முகத்தின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, நுண்ணோக்கியின் வில்லை அந்தச் சொட்டைத் தொடும்படி இறக்கி, 546 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். விழுந்த ஒளியில் எத்தனை சதவீதம் திரும்பி வருகிறது என்பதே எதிரொளிப்பு. சரிபார்ப்பதற்கு, எதிரொளிப்பு எவ்வளவு என்று முன்பே தெரிந்த படிகங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். செயற்கை நீலக்கல்லுக்கு 0.59, யிட்ரியம் அலுமினியம் கார்னெட்டுக்கு 0.90 என்பது கணக்கு. ஒரு துகளை அளந்து முடிவுக்கு வருவதில்லை. ஐம்பது, நூறு துகள்களை அளந்து சராசரி எடுப்பதே வழக்கம்.

கிடைக்கும் எண்கள் சிறியவை. ஆனால் அவை சொல்லும் செய்தி பெரியது. அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த பார்க்கரும் பாவ்லெவிச்சும் 1994-இல் தந்த சூத்திரப்படி, புதைந்து சூடேறிய பாறையில் எதிரொளிப்பு 0.6 சதவீதம் என்றால் அது ஏறத்தாழ 95 டிகிரி வரை சூடுபட்டிருக்கிறது. 1.3 என்றால் 157 டிகிரி. 2 என்றால் 190 டிகிரி. இந்த 0.6-க்கும் 1.3-க்கும் இடைப்பட்ட பகுதியில்தான் பாறையிலுள்ள கரிமப் பொருள் கச்சா எண்ணெயாக மாறுகிறது. அதற்குக் கீழே இருந்தால் இன்னும் பக்குவப்படவில்லை. அதற்கு மேலே போனால் எண்ணெய் சிதைந்து எரிவாயுவாகிவிடும். எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்கள் இந்தச் சின்னஞ்சிறு எண்ணை ஏன் இவ்வளவு ஆவலோடு தேடுகிறார்கள் என்பது இப்போது விளங்கும். ஒரு கிணற்றுக்குச் செலவாகும் கோடிகள் அந்த எண்ணில் அடங்கியிருக்கின்றன.

இந்தச் சாட்சிக்கு ஒரு குணம் உண்டு. கல்லில் வார்த்த தோசை சிவந்தால் சிவந்ததுதான். கல்லை ஆறவைத்தாலும் அது மறுபடி வெளுக்காது. விட்ரினைட்டும் அப்படித்தான். பாறை பிறகு மேலே எழும்பிக் குளிர்ந்தாலும், அது பட்ட உச்சச் சூட்டின் அடையாளம் அழியாது. சின்னத் தணலில் நெடுநேரம் கிடந்த தோசையும் பெருந்தணலில் சற்று நேரம் கிடந்த தோசையும் ஒரே நிறத்துக்கு வரலாம் அல்லவா? விட்ரினைட்டின் பளபளப்பிலும் சூடும் காலமும் இப்படிப் பின்னிக் கிடக்கின்றன. ரஷ்ய அறிஞர் லோபாட்டின் 1971-இல், பத்து டிகிரி ஏறினால் மாற்றத்தின் வேகம் இரட்டிப்பாகும் என்ற எளிய விதியைக் கொண்டு காலத்தையும் சூட்டையும் சேர்த்துக் கணக்கிட்டார். 1990-இல் ஸ்வீனியும் பர்ன்ஹாமும் வேதிவினைகளின் அடிப்படையில் இன்னும் நுட்பமான கணக்கு முறையை உருவாக்கினார்கள். இன்று படுகைகளின் வெப்ப வரலாற்றை ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் கையாள்வது அதையும் அதன் வழிவந்தவற்றையும்தான்.

நெய்வேலிக்கு வருவோம். 1930-களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வெளிவந்ததும், அதை அவர் அலட்சியப்படுத்தாமல் அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுபோனதும் தமிழ்நாட்டில் பலரும் அறிந்த கதை. 1956-இல் உருவான நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் தொடக்கப்புள்ளி அந்தக் கறுப்புத் துகள்தான். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழப் பாதி எடை தண்ணீர். பழுப்பு நிலக்கரியின் எதிரொளிப்பு பொதுவாக 0.4-க்குக் கீழேதான் நிற்கும். 60 டிகிரியைக்கூட எட்டாத, இளஞ்சூட்டிலேயே தங்கிவிட்ட மரம் அது. அந்த அடுக்கு ஒருபோதும் பெரிய ஆழத்துக்குப் புதைந்ததில்லை என்பதை அதன் ஈரமே சொல்லிவிடுகிறது.

ஜார்க்கண்டின் ஜாரியாவிலும் மேற்கு வங்கத்தின் ராணிகஞ்சிலும் நிலைமை வேறு. அங்குள்ள நிலக்கரி பெர்மியன் காலத்தது. 25 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. ஆழப் புதைந்து நன்றாகவே பக்குவப்பட்டது. அதற்கும் பிறகு, ஏறத்தாழ 11, 12 கோடி ஆண்டுகளுக்கு முன், கீழேயிருந்து எரிமலைக் குழம்பு நிலக்கரி அடுக்குகளைக் குத்திக் கிழித்துக்கொண்டு சுவர் சுவராக ஏறியது. டைக் என்று இந்தச் சுவர்களைச் சொல்வார்கள். சுவரை ஒட்டிய நிலக்கரி அப்படியே வெந்து, வாயு முழுவதும் வெளியேறி, கெட்டியான கோக்காக மாறிவிட்டது. சுரங்கத் தொழிலாளர்கள் அதை ஜாமா என்கிறார்கள். எளிதில் பற்றாது, விலையும் போகாது. ஆனால் சூட்டைப் படிக்கிறவர்களுக்கு ஜாமா பெரும் செல்வம். டைக்கிலிருந்து அடி அடியாக விலகி மாதிரி எடுத்துக்கொண்டே போனால், எதிரொளிப்பு செங்குத்தாக இறங்கிக்கொண்டே வந்து, பெரும்பாலும் டைக்கின் தடிமனைப்போல ஒரு மடங்கு, இரண்டு மடங்கு தூரத்துக்குள் பழைய அளவுக்கு வந்து நின்றுவிடும். ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட குழம்பு பக்கத்துப் பாறையை எவ்வளவு தூரம் வேகவைத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் இல்லை.

இந்த இடத்தில் தக்காணத்தைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். இவ்வளவு பெரிய எரிமலைக் குழம்பு மேலே கொட்டினால், கீழே உள்ள படிவுகள் எல்லாம் கருகிச் சாம்பலாகியிருக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி நடப்பதில்லை. தரைமேல் பரவிய குழம்பு தன் சூட்டின் பெரும்பகுதியைக் காற்றுக்கும் மழைக்கும் கொடுத்துவிட்டு ஆறிப்போகிறது. பாறை சூட்டை மிக மெதுவாகத்தான் கடத்தும். ஆகவே பத்து மீட்டர் தடிமனுள்ள ஒரு குழம்பு, தனக்குக் கீழே சில மீட்டர் ஆழம் வரைதான் கடுமையாகச் சூடேற்றும். ஆபத்து வேறு வழியில் வருகிறது. குழம்புமேல் குழம்பாக ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் ஏறும்போது அடியில் உள்ளது புதைந்து, நிதானமாகச் சூடேறும். ஜாரியாவைப்போல டைக்குகள் ஊடுருவிய இடங்களில் மட்டும் உள்ளேயிருந்தே வேகும். தக்காணப் பசால்ட்டுக்கு அடியில் எண்ணெய் இருக்குமா என்ற தேடல் இன்றும் உயிரோடு இருப்பதற்கு, அடியிலுள்ள படிவுகள் முழுதும் கருகிவிடாததுதான் காரணம். பிம்ப்ரிக்குத் தெற்கே கொய்னாவில் நிலநடுக்க ஆய்வுக்காக 2017-இல் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டபோது, 1247 மீட்டர் வரை பசால்ட், அதற்குக் கீழே பழம்பெரும் கிரானைட் வகைப் பாறை. அங்கே பசால்ட் மிகப் பழைய அடித்தளத்தின் மேலேயே அமர்ந்திருக்கிறது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. 1993 நிலநடுக்கத்துக்குப் பிறகு லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரியில் துளையிட்டபோது, 338 மீட்டர் பசால்ட்டுக்கு அடியில் சில மீட்டர் படிவு அகப்பட்டது.

நிலக்கரித் துகளின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஆற்று மணலில் கலந்து வரும் துகள்களில் சில, அதைவிடப் பழைய நிலக்கரி அடுக்கிலிருந்து அரித்து வரப்பட்டவையாக இருக்கும். அவை பழைய இடத்தில் பட்ட சூட்டையே சொல்லும். இந்தப் பாறையின் சூட்டைச் சொல்லா. துளையிடும்போது மேலடுக்குகளிலிருந்து உதிர்ந்து கீழ்மாதிரியோடு கலந்துவிடும் துகள்கள் குறைத்துச் சொல்லும். அதனால்தான் நூறு துகள்களை அளக்கிறார்கள். வரைபடத்தில் இரண்டு மூன்று மேடுகள் தெரிந்தால், எது சொந்தக்காரர், எது விருந்தாளி என்று பிரிப்பது அனுபவத்தின் வேலை. இன்னொரு பெரிய எல்லையும் உண்டு. மரம் இல்லாவிட்டால் விட்ரினைட் இல்லை. நிலத்தில் மரவகைத் தாவரங்கள் வேரூன்றி 40 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. ஆந்திரத்தின் கடப்பைப் படுகை, கர்நாடகத்தின் கலாதகிப் படுகை, வட இந்தியாவின் விந்தியப் படுகை ஆகியவற்றின் பெரும்பகுதி அதைவிடப் பல மடங்கு பழையது. அங்கே கனிமங்களைத்தான் கேட்கவேண்டும்.

கனிமங்களில் எனக்கு மிகவும் வியப்பூட்டுவது களிமண். காரணம், அது பிம்ப்ரியிலிருந்தே புறப்படுகிறது. கரிசல் மண்ணில் மிகுந்திருப்பது ஸ்மெக்டைட் என்ற களிமண் கனிமம். மழையில் தண்ணீரைத் தன் தகடுகளுக்கு நடுவே உறிஞ்சி உப்பும். கோடையில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். கரிசல் நிலத்தில் ஆழம் போதாத அஸ்திவாரம் போட்டவர்களின் சுவர்களில் விரிசல் விழுவது இதனால்தான். இந்த மண்ணை மழைநீர் பவனா நதிக்குக் கொண்டுசெல்கிறது. பவனா தாபோடி அருகே முளா நதியில் கலக்கிறது. முளா புனேயில் முட்டாவோடு சேர்கிறது. முளா–முட்டா பீமாவில், பீமா கிருஷ்ணாவில், கிருஷ்ணா வங்கக் கடலில். தக்காணத்துக் கரிசல் இப்படிக் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கிழக்குக் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கிருஷ்ணா, கோதாவரி முகத்துவாரங்களுக்கு வெளியே கடலடிச் சேற்றில் ஸ்மெக்டைட் மலிந்து கிடப்பது இதன் விளைவு.

அந்தச் சேறு மேலும் மேலும் புதைந்து 60, 70 டிகிரியைத் தாண்டும்போது ஸ்மெக்டைட் மாறத் தொடங்குகிறது. சுற்றிலுமுள்ள ஃபெல்ஸ்பார் கரைந்து தரும் பொட்டாசியத்தைப் பிடித்துக்கொண்டு, தகடுகளுக்கு இடையிலிருந்த தண்ணீரை வெளியேற்றி, இல்லைட் என்ற வேறொரு கனிமமாகிறது. ஒரேயடியாக அல்ல. முதலில் பத்தில் இரண்டு தகடு, பிறகு ஐந்து, பிறகு எட்டு. 120 முதல் 150 டிகிரிக்குள் ஏறத்தாழ முழுவதும் இல்லைட்டாகிவிடும். இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிமையானது. களிமண்ணைக் கண்ணாடித் தகட்டில் பூசி, கிளைக்கால் என்னும் திரவத்தின் ஆவியில் வைத்து, எக்ஸ் கதிரைப் பாய்ச்சுவார்கள். ஸ்மெக்டைட் தகடுகள் கிளைக்காலை உறிஞ்சி, 17 ஆங்ஸ்ட்ராம் இடைவெளிக்கு விரியும். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. இல்லைட் அசையாமல் 10 ஆங்ஸ்ட்ராமிலேயே நிற்கும். இரண்டின் பங்கையும் பார்த்து, பாறை எந்தச் சூட்டு வரம்புக்குள் வந்து போயிருக்கிறது என்று சொல்லலாம். அமெரிக்க வளைகுடாக் கரையில் ஹோவரும் அவர் கூட்டாளிகளும் 1976-இல் இந்த மாற்றத்தை ஆழவாரியாகக் காட்டினார்கள். அதைவிடக் கூடுதலான சூட்டுக்கு, ஸ்விட்சர்லாந்தின் பெர்னார்ட் குப்ளர் 1960-களில் கொண்டுவந்த அளவுகோல் உதவுகிறது. இல்லைட்டின் எக்ஸ் கதிர் மேடு எவ்வளவு ஒல்லியாக இருக்கிறதோ, பாறை அவ்வளவு சூடு கண்டிருக்கிறது. கடப்பை, கலாதகி போன்ற மரமறியாப் பழம்படுகைகளில் பயன்படக்கூடிய கோல் இது.

இனி பிம்ப்ரிக்கே திரும்பி, பொந்துக்குள் இருக்கும் படிகங்களைப் பார்ப்போம். அவற்றில் மிகுதியானவை ஜியோலைட் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஸ்டில்பைட், ஹியூலண்டைட், ஸ்கோலசைட் எனப் பல. புனேயின் பாஷான் குன்றுக் குவாரியில் கிடைத்த பச்சை அபோஃபிலைட்டும், கிழக்கே வாகோலியின் குவாரிகளில் கிடைத்த ஆழ்நீலக் கேவன்சைட்டும் உலகின் பெரிய காட்சியகங்களில் இடம்பிடித்தவை. கேவன்சைட் முதன்முதல் அமெரிக்காவின் ஆரிகனில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் நல்ல படிகம் வேண்டும் என்றால் உலகம் இன்றும் வாகோலியைத்தான் சொல்லும்.

ஜியோலைட்டுகளைச் சூட்டின் சாட்சியாக்கியவர்கள் இருவரைச் சொல்லவேண்டும். நியூசிலாந்தின் டக்ளஸ் கூம்ஸ், 1954-இல், எரிமலைச் சாம்பல் கலந்த படிவுப் பாறைகளில் மேலே ஹியூலண்டைட்டும் ஆழத்தில் லாமண்டைட்டும் இருப்பதைக் கண்டு, புதையும் ஆழத்துக்கேற்பக் கனிமம் மாறுகிறது என்றார். 1960-இல் ஜார்ஜ் வாக்கர் கிழக்கு ஐஸ்லாந்தின் பசால்ட் மலைகளை ஏறி இறங்கி ஆராய்ந்து, ஜியோலைட்டுகள் உயரவாரியாக மண்டலம் மண்டலமாக அமைந்திருப்பதைக் காட்டினார். குழம்பு அடுக்குகள் சரிந்து கிடந்தாலும் அந்த மண்டலங்கள் சரியவில்லை. அவை அந்தக்காலத் தரைமட்டத்துக்கு இணையாகப் போயின. அப்படியானால் ஒரு மண்டலத்தைக் கண்டவுடன், அதற்கு மேல் எவ்வளவு பாறை இருந்து பின்னால் அரித்துப்போயிற்று என்று சொல்லிவிடலாம். இதைவிட அழகான கண்டுபிடிப்பு புவியியலில் சிலவே உண்டு. பிறகு ஐஸ்லாந்தின் வெந்நீர்க் கிணறுகளில் வெப்பமானியையே இறக்கிச் சரிபார்த்தார்கள். செபசைட் 70 டிகிரிக்குக் கீழே, ஸ்கோலசைட் 70 முதல் 90 வரை, ஸ்டில்பைட் 90 முதல் 110 வரை, லாமண்டைட் அதற்கும் மேல் 230 வரை என்று 1978-இல் கிறிஸ்ட்மன்ஸ்டோட்டிரும் டோமசனும் வெளியிட்டார்கள்.

இந்தியாவிலும் இந்தப் பணி நடந்திருக்கிறது. மும்பையின் சுகேஷ்வாலாவும் உடன் ஆய்வாளர்களும் 1974-இல் மேற்கிந்தியத் தக்காணப் பாறைகளின் ஜியோலைட்டுகளைத் தொகுத்து எழுதினார்கள். 1988-இல் ஜெஃப்ரி, ஹென்டர்சன், சுப்பாராவ், வால்ஷ் ஆகியோர் தக்காணம் முழுவதும் எந்த ஜியோலைட் எங்கே பரவியிருக்கிறது என்பதை ஆராய்ந்து, இந்தியப் புவியியல் சங்கத்தின் தொகுதியில் வெளியிட்டார்கள்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிம்ப்ரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரம். புனேக்குத் தென்மேற்கே சிங்ககட் கோட்டை 1312 மீட்டர். கோட்டை நிற்கும் மலை, தலை முதல் அடி வரை குழம்பு அடுக்குகள்தான். இந்த அடுக்குகள் ஏறத்தாழப் படுக்கைவாட்டில் கிடப்பவை. அப்படியானால் பிம்ப்ரியின் தலைக்கு மேலேயும் ஒருகாலத்தில் குறைந்தது 750 மீட்டர் பாறை இருந்து, பவனாவும் முளாவும் அதை அரித்துக் கிழக்கே கொண்டுபோயிருக்கின்றன. தரையின் சூட்டை 25 டிகிரி என்றும், கிலோமீட்டருக்கு 30 டிகிரி ஏற்றம் என்றும் வைத்துக்கொண்டால், அந்த ஆழத்தில் 48 டிகிரிதான் வரும். ஆனால் புனேப் பொந்துகளில் ஸ்டில்பைட் உட்கார்ந்திருக்கிறது. ஐஸ்லாந்துக் கணக்குப்படி அதற்கு 90 டிகிரியாவது வேண்டும். இந்த நாற்பது டிகிரிக்குக் காரணம் என்ன? காணாமற்போன பாறை நாம் நினைத்ததைவிட ஒன்றரைக் கிலோமீட்டர் அதிகமாக இருந்திருக்கலாம். அல்லது அன்று பூமியின் உட்சூடு இன்றையதைவிட வேகமாக ஏறியிருக்கலாம். அல்லது ஆழத்து வெந்நீர் பிளவுகள் வழியாக மேலேறி வந்து, குளிர்ந்த பாறையில் தன் சூட்டோடு படிகத்தை வளர்த்திருக்கலாம். தண்ணீரின் வேதிக்கலவை மாறினாலும் படிகம் உருவாகும் சூடு சற்று முன்பின் நகரும். ஒரு ஜியோலைட்டை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றில் எது என்று தீர்ப்பளிக்க முடியாது.

படிகங்கள் எந்த வரிசையில் வளர்ந்தன என்பது கொஞ்சம் உதவும். வாகோலி மாதிரி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கறும்பாறைச் சுவரை ஒட்டி முதலில் வெண்மையான ஸ்டில்பைட் தகடுகள். அவற்றின் மேலே, கடைசியாக, நீலக் கேவன்சைட் பூங்கொத்து. அடியில் உள்ளது முந்தியது, மேலே உள்ளது பிந்தியது. பொந்துக்குள் வெந்நீர் பலமுறை வந்து போயிருக்கிறது, ஒவ்வொரு முறையும் அதன் சூடும் சத்தும் மாறியிருக்கிறது என்பதை இந்த வரிசை காட்டுகிறது. கால்சைட், குவார்ட்ஸ் படிகங்கள் அருகில் இருந்தால் இன்னும் நல்லது. அவை வளரும்போது துளித்துளியாக வெந்நீரைத் தமக்குள் அடைத்துக்கொள்ளும். குளிர்ந்ததும் அந்தத் துளிக்குள் ஒரு குமிழ் தோன்றும். படிகத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்து மெல்லச் சூடேற்றினால், ஒரு கட்டத்தில் குமிழ் சுருங்கி மறையும். அந்தக் கணத்துச் சூடே, படிகம் பிறந்தபோதிருந்த சூட்டின் கீழ்வரம்பு. இங்கிலாந்தின் ஹென்றி சோர்பி 1858-இலேயே சொன்ன யோசனை இது. இன்னொரு கனிமம் அப்படைட். அதற்குள் யுரேனியம் அணுக்கள் தாமாகப் பிளந்து விட்ட நுண்கீறல்கள் இருக்கும். 60 முதல் 110 டிகிரிக்குள் அவை சுருங்கி, அதற்கு மேல் அழிந்தே போகும். ஆகவே அது சூட்டை மட்டும் சொல்லாமல், பாறை எப்போது குளிர்ந்தது என்ற காலத்தையும் சொல்லும்.

நிலக்கரித் துகளையும் கனிமத்தையும் ஏன் ஒன்றாகக் கேட்கவேண்டும் என்பதற்கு இப்போது வருகிறேன். துகளுக்குத் தண்ணீர் ஒரு பொருட்டல்ல. சூடும் காலமும்தான் கணக்கு. கனிமத்துக்குத் தண்ணீரும் அதில் கரைந்த உப்பும் இல்லாமல் நகரவே முடியாது. டைக் ஊடுருவி சில ஆண்டுகள் மட்டும் கடுஞ்சூடு இருந்த இடத்தில் விட்ரினைட் சட்டென்று எகிறிவிடும். களிமண் மாறுவதற்கு அவகாசம் போதாமல் பின்தங்கிவிடும். பொட்டாசியம் இல்லாத சேற்றில் எத்தனை லட்சம் ஆண்டு சூடு இருந்தாலும் ஸ்மெக்டைட் பிடிவாதமாக நிற்கும். பக்கத்தில் உள்ள துகள் உண்மையைச் சொல்லிவிடும். இரண்டும் ஒத்துப்போனால், பாறை நிதானமாகப் புதைந்து சூடேறியது என்று தைரியமாக எழுதலாம். முரண்பட்டால், அந்த முரண்பாடே ஒரு கண்டுபிடிப்பின் வாசல். ஒரே முறையில் எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு அடித்துச் சொல்லும் ஆய்வறிக்கைகளை நான் நம்புவதில்லை.

எல்லாச் சாட்சிகளுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு. மாதிரி எங்கே, எந்த ஆழத்தில் அல்லது எந்த உயரத்தில் எடுக்கப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். எதிரொளிப்பு 0.6 என்பது 500 மீட்டரில் கிடைத்தால் ஒரு கதை. 3000 மீட்டரில் கிடைத்தால் முற்றிலும் வேறு கதை. வாக்கர் மண்டலங்களைக் கண்டதும் ஒவ்வொரு படிகத்தோடும் உயரத்தைக் குறித்துவைத்ததால்தான். எண்ணெய் நிறுவனங்கள் துளையிடும்போது குறிப்பிட்ட மீட்டருக்கு ஒரு பை என்று தூளைச் சேகரித்து, ஆழத்தை எழுதி வைக்கின்றன. ஆனால் புனேயைச் சுற்றிய குவாரிகளிலிருந்து படிகங்கள் பெரும்பாலும் ஊர்ப்பெயரோடு மட்டும் விலைக்குப் போகின்றன. எந்தக் குழம்பு அடுக்கு, என்ன உயரம் என்பது போயே போய்விட்டது. பணம் கொடுத்து வாங்கியவர் கையில் அழகான கல் இருக்கும். அதன் சூட்டை உயரத்தோடு பொருத்தும் வழி இருக்காது. நகரம் விரிய விரியக் குவாரிகள் மூடப்பட்டு, நிரப்பப்பட்டு, மேலே அடுக்குமாடிகள் எழும்புகின்றன. அந்தப் பாறை முகங்களை மறுபடி யாரும் பார்க்கப்போவதில்லை.

இதில் தமிழர்களுக்கு நேரடியாக ஒரு பங்கு இருக்கிறது. நாட்டின் பல மூலைகளிலும் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் போர் வண்டிகளில் ஏராளமானவை திருச்செங்கோட்டிலிருந்து போனவை. ராடு ராடாக இறக்கும்போது வெளியே பறக்கும் தூளின் நிறம் எந்த அடியில் மாறுகிறது, வெள்ளைப் படிகச் சில்லு எந்த அடியில் தெறிக்கிறது, செம்மண் அடுக்கு எங்கே குறுக்கிடுகிறது என்று அந்த வண்டிகளில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரிவதுபோல் வேறு யாருக்கும் தெரியாது. அவர்களுக்கும், வீட்டுக்குப் போர் போடுகிறவர்களுக்கும், குவாரி நடத்துகிறவர்களுக்கும் என் வேண்டுகோள் இது: படிகமோ கறுப்புத் துகளோ கண்ணில் பட்டால் ஒரு கைப்பிடியைச் சின்னப் பையில் போட்டு, ஊர், சர்வே எண், ஆழம், தேதி நான்கையும் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். பிம்ப்ரி பக்கம் என்றால் சாவித்திரிபாய் புலே புனே பல்கலைக்கழகத்தின் புவியியல் துறைக்கும், தமிழ்நாட்டில் என்றால் பக்கத்துக் கல்லூரியின் புவியியல் துறைக்கும் அந்தப் பையைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.